முப்பதுக்குக் குறையாமல்

"ஏணியைக் கெட்டியா பிடிங்க அண்ணே. விட்டுட்டு போனை எடுக்காதீங்க."

ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி அவள் தன் ஆரஞ்சு நிறப் பணி மேல்சட்டையைக் கழற்றி, அந்த போர்டின் முகத்தில் போர்த்தப் பார்த்தாள். காற்று விடவில்லை. ஒரு கை சட்டையில், இன்னொரு கை கம்பத்தில், இடுப்பில் தொங்கிய அளவு டேப் வேறு ஊஞ்சலாடி முழங்காலில் மொத்திக்கொண்டிருந்தது. மணி ஒன்பது இருபது. சரியாக நாற்பது நிமிடத்தில் சாலைக் குழு இந்தத் தெருவில் வந்து இறங்கும். அதற்குள் இந்த போர்டு ஒழிந்தாக வேண்டும்.

போர்டில் பளபளவென்று, யாரும் குறை சொல்ல முடியாத கையெழுத்தில் எழுதியிருந்தது:

வேகம் 30-க்குக் குறையாமல் செல்லவும்.

"அண்ணே, நான் என்ன எழுதிக் கொடுத்தேன்?"

கீழே ஏணியைப் பிடித்திருந்த பெயிண்டர் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். "முப்பதுக்கு மிகாமல்."

"அதை அப்படியே எழுத வேண்டியதுதானே?"

"மிகாமல்னா யாருக்கு மேடம் தெரியும்? ஸ்கூல்ல வலி மிகும், வலி மிகாதுன்னு அடி வாங்கினதோட சரி. அதுக்கப்புறம் அந்த வார்த்தையை நான் எங்கேயும் பார்க்கலை. அதான் ஜனங்களுக்குப் புரியற மாதிரி மாத்திட்டேன். வேகம் குறையணும்னுதானே நீங்க ஆசைப்பட்டீங்க? 'குறை' வந்திருக்கு பாருங்க."

"குறை வந்திருக்கு. பின்னாடியே 'யாமல்'னு ஒண்ணு வந்திருக்கே."

பெயிண்டர் தலையை நிமிர்த்தி, தான் எழுதியதைத் தானே முதல்முறையாகப் படித்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நகராட்சியின் உதவிப் பொறியாளர். ஆபீஸில் எல்லாரும் 'டேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் அளந்துவிடுவாள். கேன்டீன் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் போக இடமில்லை என்று அளந்து மனுக் கொடுத்தவள். இந்தத் தெருவையும் அவள்தான் அளந்தாள். வீடுகள் நெருங்கி நிற்கும், நடக்க ஓர் அடி இடம் இல்லாத தெரு. கதவைத் திறந்து காலை வைத்தால் பம்பரில்தான் வைக்க வேண்டும். சுவரை ஒட்டி ஒன்று புள்ளி எட்டு மீட்டரை வெள்ளைக் கோட்டால் பிரித்தாள். கோட்டில் மூன்று மீட்டருக்கு ஒன்றாக வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் தூண்கள் நட்டாள். உள்ளே நடைபாதை, வெளியே வண்டிப்பாதை. இரண்டு முனையிலும் முப்பது என்று போர்டு. இது ஒரு வாரச் சோதனை. நன்றாக நடந்தால் கல் பதித்து நிரந்தரம். நடக்காவிட்டால் கோட்டை அழித்து, தெருவை அகலமாக்கி, ஐம்பது என்று போர்டு மாட்டிவிடுவார்கள்.

ஆறு நாளும் எல்லாம் வெண்ணெயில் கத்தி போல் போயிற்று. நேற்று காலை தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து தென்முனை போர்டைச் சப்பையாக்கியது. நேற்று மாலை, சோதனை முடிந்த கையோடு, பெயிண்டர் புதுசு எழுதி மாட்டினார். கூட்டம் ஆபீஸில்தான் என்று இருந்ததால் அவள் வந்து பார்க்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு செயற்பொறியாளரிடமிருந்து போன் வந்தது. "கூட்டத்தைத் தெருவுக்கே மாத்திட்டேன். எல்லாரும் கண்ணால பார்க்கட்டும். பத்து மணிக்கு."

ஓடி வந்து பார்த்தால், இது.

"மேடம், வண்டி," என்றார் பெயிண்டர்.

திரும்பினாள். அமரர் ஊர்தி ஒன்று, பூமாலைகள் பின்னால் பறக்க, ஏதோ ரயிலைப் பிடிக்கப் போவதுபோல் வந்தது. ஏணியிலிருந்து இறங்கி ஓடி, கையை நீட்டி நிறுத்தினாள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.

"என்னங்க இது, இந்த வண்டிக்கு இவ்வளவு வேகமா?"

"நான் முப்பது வருஷமா இருபதைத் தாண்டினதில்லைம்மா. உள்ள இருக்கறவருக்கும் ஒரு அவசரமும் இல்லை. போர்டு போட்டிருக்கீங்க, போறேன். அபராதம் கட்டறது யாரு, அவரா?" பின்பக்கம் கட்டைவிரலைக் காட்டினார்.

"போர்டு தப்பு. மெல்லப் போங்க."

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா சொந்தக்காரங்களை விட்டுட்டு வந்திருக்க மாட்டேனே," என்றபடி அவர் கண்ணாடியை ஏற்றினார். தொலைவில், சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு வழிவிட்டு நிமிர்வதற்குள் டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டிய அம்மாள் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கில் ஏறி நின்றுகொண்டிருந்தார் என்றே சொல்லலாம்.

"போர்டைப் பார்த்து ஓட்டணும்னு மூணு வாரமா சொல்லிக் கொடுத்தேன்," என்றார் அவர், வண்டி குலுங்கி நின்றதும். குரலில் பாதி அழுகை. "இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்த்தாங்க."

"நான் கேட்டேன் மாஸ்டர், முப்பதான்னு," என்றார் அந்த அம்மாள், கண்ணைத் திறக்காமலே. "குறையவே கூடாதான்னும் கேட்டேன்."

மூன்றாவதாக வந்தது சைக்கிள். அதன் மேல் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். வாழ்நாளில் ஒரு விதியை மீறாத மனிதர். லிப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், ஒன்பதாவது ஆள் கைக்குழந்தையாக இருந்தாலும் தான் இறங்கிக்கொள்பவர். இப்போது முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. பெடல் சுற்றிய சுற்றில் கால்சட்டையே தெரியவில்லை.

"எவ்வளவு... வருதும்மா?" என்று கூவியபடி கடந்து போனார். "முப்பது... வருதா?"

"சார், நில்லுங்க. அது எழுத்துப் பிழை."

பிரேக் கிறீச்சிட்டது. ஹெட்மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியபடியே போர்டைப் பார்த்தார். "எழுத்துப் பிழை இல்லையே. ஒற்றெல்லாம் சரியா போட்டிருக்காரே."

"ரொம்ப நன்றி சார்," என்றார் பெயிண்டர்.

"கருத்துப் பிழை சார்," என்றாள் அவள். "முப்பதைத் தாண்டக் கூடாதுங்கறதுதான் விஷயம்."

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையிலிருந்து நான் நாலு ரவுண்டு போயிட்டேன்மா," என்றார்.

பெயிண்டர் அதற்குள் டப்பாவைத் திறந்திருந்தார். பழியும் பாவமும் மனிதனுக்கு எப்படிப்பட்ட மூளையைக் கொடுக்கும் என்பதை அன்று அவள் நேரில் பார்த்தாள். "மேடம், முழுசா அழிக்க வேண்டாம். 'குறை' இருக்கட்டும். யா, ம, ல். மூணு எழுத்தை அழிச்சிட்டு, வா, க. ரெண்டே எழுத்து. குறைவாக. பத்து நிமிஷ வேலை."

"முப்பதுக்குக் குறைவாக," என்று படித்துப் பார்த்தார் ஹெட்மாஸ்டர். ""'செல்லவும்'க்கு முன்னாடி ஒரு 'ச்' சேர்த்துட்டா இலக்கணம் சரி. எழுதுங்க."

பெயிண்டர் ஏணியில் ஏறினார். ஹெட்மாஸ்டர் ஏணியைப் பிடித்தார். அவள் தெருமுனையில் நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் இரண்டு கையாலும் காற்றைக் கீழே அமுக்கி அமுக்கி மெதுவாக்கினாள். தபால்காரர் ஒருவர், அவள் ஏதோ உடற்பயிற்சி செய்கிறாள் என்று நினைத்துத் தானும் இரண்டு முறை செய்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது 'ச்' முடிந்தது. அதே நிமிடம் வடமுனையில் நகராட்சி வேன் திரும்பியது.

முதலில் இறங்கியவர் செயற்பொறியாளர். ஆபீஸில் அவருக்குப் பெயர் 'ஐம்பது'. எந்தத் தெருவைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் வேகம் அதுதான். முட்டுச்சந்துக்கே ஐம்பது எழுதிய மனுஷர். அடுத்து இறங்கியவர் குழுத் தலைவி. தொழிலில் பல் டாக்டர். யாரிடம் பேசினாலும் ஆளின் வாயையே பார்த்துப் பேசுவார். பேசுகிறவர்களுக்கும் தன்னையறியாமல் வாய் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொள்ளும்.

"என்ன டேப், சட்டை எங்கே? கையெல்லாம் பெயிண்ட்?" என்றார் ஐம்பது.

"டச்சப் சார்."

"சொந்தத் தெரு இல்லையா, அதான் சொந்தக் கையால பண்றாங்க," என்று தலைவியிடம் திரும்பினார். "அந்தச் சந்துல ரெண்டாவது வீடு இவங்களோடது. தெரியுமில்ல?"

உண்மைதான். அந்தச் சந்தில் இரண்டாவது வீடு. அவளும் அப்பாவும். அப்பா நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள்கூட லேட் ஆனதில்லை என்பார். அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கடைக்காரர்கள் இருந்தார்கள் என்பார். நான்கு மாதத்துக்கு முன்னால் இடுப்பில் ஆபரேஷன். தினம் நடங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். நான்கு சக்கரம் வைத்த நடைவண்டி ஒன்றைக் கொடுத்தார். அப்பா அதைத் தள்ளிக்கொண்டு சந்து முனை வரை போனார். தெருவில் சீறிப் போன வண்டிகளைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "நடக்கச் சொல்றியே பாப்பா, நடக்க ரோடு எங்கே இருக்கு? காட்டு, நடக்கறேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் இந்தத் தெருவை அளந்தாள். வாரம் தொடங்கிய அன்று காலை, சந்து முனையிலிருந்து வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். அப்பா பார்த்துவிட்டு, "கோட்டுக்குள்ள ஓட, நான் என்ன கபடி ஆடவா போறேன்?" என்றார். அவ்வளவுதான். நடைவண்டி மூலையில் துண்டு காயப்போடும் கொடியாக நின்றது. தினமும் அவள் கிளம்பும்போது, "இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் ஆபீஸ்?" என்று மட்டும் கேட்பார். இன்று காலையும் கேட்டார். "மதியம் வரைக்கும் கூட்டம்பா. ஆபீஸ்லதான்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இதையெல்லாம் ஐம்பதிடம் சொல்ல முடியுமா?

"எல்லாத் தெருவும் யாரோ ஒருத்தரோட சொந்தத் தெருதான் சார்," என்றாள்.

தலைவி அவள் வாயைப் பார்த்துப் புன்னகைத்தார். "சரி, பெட்டியைத் திறங்க. வலிக்காம முடிச்சிடலாம்."

பெட்டி என்பது தெருவுக்குக் குறுக்கே கிடந்த இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களின் முனையில் இருந்தது. சக்கரம் குழாயில் ஏறினால் காற்று அழுந்தும். பெட்டி நேரத்தைக் குறிக்கும், வேகத்தைக் கணக்கிடும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் எழுதும். புதுப் பெட்டி. பூனை குதித்தாலும் எழுதும். நூறு வண்டியில் எண்பத்தைந்து வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ, அதுதான் அந்தத் தெருவின் வேகம் என்பது துறையின் கணக்கு. முன்பு இந்தத் தெருவுக்கு அது நாற்பத்தேழு.

அவள் லேப்டாப்பைச் செருகினாள். எண் வந்தது.

இருபத்தொன்பது.

ஹெட்மாஸ்டர் கை தட்டினார். பெயிண்டர் பிரஷ்ஷைப் பிடித்த கையால் நெற்றியைத் துடைத்து, நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு வாங்கிக்கொண்டார்.

"எப்படி இது?" என்றார் தலைவி.

"பாதை ஒல்லியானா கால் தானா பிரேக்கைத் தேடும் டாக்டர்."

"ஒரு நிமிஷம்." ஐம்பது கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் குனிந்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. முகம் மலர்ந்தது. "இது என்ன வண்டி?"

அவள் குனிந்தாள்.

வேகம்: மணிக்கு ஒன்று புள்ளி ஒன்று கிலோமீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி: ஐம்பது சென்டிமீட்டர்.

"அரை மீட்டர் நீளத்துல ஒரு நாலு சக்கர வண்டி," என்றார் ஐம்பது, ஒவ்வொரு சொல்லாகச் சப்பிச் சாப்பிட்டபடி. "எறும்பு ஓட்டிட்டுப் போயிருக்குமோ? ஒரு தடவை இல்லை டாக்டர். தினமும் ரெண்டு தடவை. ஏழு நாள், பதினாலு பதிவு. பெட்டி பழுது. பெட்டி பழுதுன்னா இந்த இருபத்தொன்பதும் பழுது. சோதனை செல்லாது. விதி அப்படி."

"குழந்தை சைக்கிளா இருக்கும்," என்றார் பெயிண்டர்.

"தவழ்ற குழந்தையா?"

"தள்ளுவண்டி?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அது ஒரு மீட்டராவது இருக்கும் சார்," என்றாள் அவள், தன் வாயாலேயே. அளவென்று வந்துவிட்டால் அவளுக்குப் பொய் வராது. அது ஒரு வியாதி.

"அதுவும் குழாய் நடைபாதை மேலேயும் போயிருக்கே," என்றார் தலைவி. "கோட்டோட நிறுத்தியிருக்கலாமே?"

"மிச்சக் குழாயை வெட்டிடட்டுமான்னு கேட்டேன் டாக்டர். அரசாங்கச் சொத்தை வெட்டக் கூடாதுன்னு சார் எழுதிக் கொடுத்தார். அதனால சுவர் வரைக்கும் போட்டேன்."

ஐம்பது அதைக் கேட்காததுபோல் திரையை உருட்டினார். "வேடிக்கையைப் பாருங்க. முதல் நாள் ஒண்ணு புள்ளி ஒண்ணு. மூணாம் நாள் ஒண்ணு புள்ளி நாலு. நேத்து ரெண்டு. இவங்க நடைபாதை போட்டதுக்கப்புறம் தெருவுல வேகம் கூடின ஒரே வண்டி இதுதான்."

அவர் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. "நேரம் என்ன போட்டிருக்கு?"

"பத்து இருபது. பத்து இருபது. பத்து இருபது." ஐம்பது படித்துக்கொண்டே போனார். "திரும்பி வர்றது பதினொண்ணு அஞ்சு. ஒரு நிமிஷம் பிசகலை. ஏதோ டைம்டேபிள் போட்டு ஓட்டற மாதிரி..."

ஏணி, பெயிண்ட், வேன், எல்லாம் அவள் கவனத்தில் இருந்து ஒரு நொடி விலகிப்போயின. டைம்டேபிள். வாய் தானாகத் திறந்தது. பல் டாக்டர் பார்த்ததால் அல்ல.

"இப்ப மணி என்ன?" என்றாள்.

"பத்து பதினெட்டு," என்றார் ஹெட்மாஸ்டர். "ரேடியோ நேரம்."

"டாக்டர், ரெண்டு நிமிஷம் குடுங்க. அந்த வண்டி வரும்."

"வராட்டி?" என்றார் ஐம்பது.

"வராட்டி ஐம்பதுன்னு போர்டு எழுதச் சொல்லுங்க. பெயிண்டர் இங்கேதான் இருக்கார். எழுத்துக் கூட்டி எழுதுவார்."

எல்லாரும் குழாய்க்கு இருபுறமும், ஓட்டப் பந்தயத்தின் முடிவுக்கோட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். ஒரு ஸ்கூட்டர் வந்தது. இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து இருபதில் போனது. அமரர் ஊர்தி, வேலையை முடித்துக்கொண்டு, மிக மிக மெதுவாகத் திரும்பிப் போனது. ஓட்டுநர் கையசைத்தார்.

பத்து பத்தொன்பது.

அவள் கை டேப்பை இழுத்தது, விட்டது, இழுத்தது, விட்டது. அவளுக்கு ஓடிப்போய்ச் சந்தில் எட்டிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

பத்து இருபது.

சந்துக்குள்ளிருந்து முதலில் வந்தது சத்தம். எண்ணெய் போடாத சின்னச் சக்கரங்கள் நான்கு, ஆளுக்கொரு ராகத்தில். பிறகு ஒரு முன் சக்கரம், அதில் ஒட்டிக் காய்ந்த வெள்ளைப் பெயிண்ட். பிறகு கைப்பிடியில் தொங்கிய துண்டு. பிறகு இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, அதன் பையில் விசில்.

அப்பா.

திருப்பத்தில் வலது கையை நீட்டி, பின்னால் ஒருவரும் இல்லாவிட்டாலும், முறைப்படி சிக்னல் காட்டினார். கோட்டுக்குள் ஏறினார். நிமிர்ந்தவர் எதிரில் நின்ற மகளைப் பார்த்தார். நடைவண்டி நிற்கவில்லை, முகம்தான் கொஞ்சம் நின்றது.

"ஆபீஸ்லதான்னு சொன்னே," என்றார்.

"நீங்க கபடி ஆட மாட்டேன்னு சொன்னீங்க."

"விழுந்து எழுந்து பழகற வரைக்கும் உன் கண்ணுல படக் கூடாதுன்னு பார்த்தேன். உன் கணக்குப்படி ஒண்ணு புள்ளி எட்டு மீட்டர், விழறதுக்குத் தாராளமா இடம் இருக்கு." அவர் குழாயை நெருங்கினார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்த ஸ்டாப்புல பதினேழாம் நம்பர் பஸ் வர்ற நேரம். லேட்டா வந்தா நான் போய்க் கேட்கணும்."

செயற்பொறியாளர்தான் முதலில் தள்ளி நின்றார்.

டொக். முன் சக்கரம். டொக். பின் சக்கரம். திரையில் ஒரு புது வரி விழுந்தது. பல் டாக்டர் குனிந்து அதைச் சத்தமாகப் படித்தார்:

"ரெண்டு புள்ளி மூணு."